தைரொய்ட் ஊசி சாம்பிள் "காணாது" எண்டு திரும்பி வாறதைக் குறைச்ச விதம்

திருகோணமலையில நாங்கள் தைரொய்ட் கட்டியில ஊசி குத்தி எடுக்கிற சாம்பிள் "காணாது" (சோதிக்கிறதுக்குச் செல் போதாது) எண்டு லாபில இருந்து அடிக்கடி திரும்பி வரும், மூதூர், புல்மோட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறி வாற சனத்தை இன்னொருக்கா வரச் சொல்ல எனக்கு மனம் வராது, அதால ஒவ்வொண்டாப் பிடிச்சுத் திருத்தினன். பெதஸ்டா எண்ட, தைரொய்ட் சாம்பிள் ரிப்போட்டை வகைப்படுத்துற முறைப்படி, 10 ஃபொலிக்குலர் செல்லாவது (தைரொய்ட் சுரப்பியின்ர செல்) இருக்கிற கூட்டம் குறைஞ்சது 6 தெளிவாத் தெரியவேணும். தைரொய்ட் ரத்தோட்டம் கூடின சுரப்பி, ரத்தம் கலந்தா செல்லெல்லாம் மறைஞ்சு போகும், எங்களுக்கு முக்கியமா இடிச்சது அதுதான்.

பெரிய மாற்றம் சிரிஞ்சால இழுக்கிறதை விட்டது. 25 இல்லாட்டி 27 கேஜ் மெல்லிய ஊசியை மட்டும் ஸ்கான்ல பாத்துக் குத்தி, சில செக்கன் கெதியா முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டி, ஊசி அடியில ரத்தம் தெரிஞ்ச உடன வெளிய எடுக்கிறம், செல் தானா ஊசிக்குள்ள ஏறும். தண்ணிக் கட்டி எண்டா மட்டும் சிரிஞ்ச் போட்டுத் தண்ணியை எடுத்துப்போட்டு, மிஞ்சிற தடிச்ச பகுதியில திரும்பக் குத்தோணும், அந்தத் தண்ணியையும் எறியாதேங்கோ, லாபில சென்ட்ரிஃபியூஜ் பண்ணி (சுத்தி அடியில படிய வச்சு) பாக்கலாம்.

பிறகு சாம்பிளை இழுத்துப் பூசுற கண்ணாடி ஸ்லைட். ஃபேன் காத்துக்குக் கெதியாக் காஞ்சிடும், அதால 95% அல்கஹோலைக் கட்டிலுக்குப் பக்கத்திலயே வச்சு, இழுத்த உடன போடுறம், ஜிம்சா எண்ட சாயம் போடுறதுக்கு மட்டும் ஒண்டு ரெண்டைக் காய விடுறம். ஏலுமெண்டா லாப் ஆளை மைக்ரோஸ்கோப்போட பக்கத்தில இருக்கச் சொல்லுங்கோ, நோயாளி எழும்ப முதலே காணுமோ எண்டு தெரிஞ்சிடும்.

இப்ப திரும்பி வாறது நல்லாக் குறைஞ்சிட்டுது. வந்தாலும் அது கான்சர் இல்லை எண்ட ரிப்போட் இல்லை, திரும்ப எடுக்கத்தான் வேணும், அதை நோயாளிக்கு விளங்கப்படுத்திச் சொல்லுங்கோ.