நெஞ்சு ஸ்கேனில் கொழுப்பு தெரிந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சுப் பகுதி சி.டி. ஸ்கேனில் கட்டிக்குள் கொழுப்பு தெரிந்ததுமே அது ஆபத்தற்றது என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது. அது உண்மையிலேயே கொழுப்புதானா, எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் அளவெடுப்பதிலேயே தொடங்குகின்றன. நுரையீரல் கணுவில் (சிறு உருண்டைக் கட்டியில்) ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு, அதாவது சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் காட்டும் எண், −40 முதல் −120 வரை இருந்தால் அதைக் கொழுப்பாகக் கொள்வது வழக்கம். ஆனால் 5 மி.மீ. தடிமனுள்ள வெட்டுப்படத்தில், சிறிய கணுவின் ஓரத்தை ஒட்டி அடர்த்தியை அளக்கும் வட்டத்தை வைத்தால், பக்கத்திலுள்ள காற்றும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கணுவின் திசு +40, காற்றடைத்த நுரையீரல் −850 என்று வைத்துக்கொண்டால், வட்டத்துக்குள் பத்தில் ஒரு பங்கு நுரையீரல் புகுந்தாலே சராசரி ஏறத்தாழ −50 ஆகிவிடும். கொழுப்பே இல்லாத ஒரு புற்றுக்கணு இப்படித்தான் ஹமார்ட்டோமா என்ற, புற்றல்லாத கட்டியின் பெயரைப் பெற்றுவிடுகிறது. எனவே, ஏறத்தாழ 1 மி.மீ. மெல்லிய வெட்டுகளில், கணுவின் நடுப்பகுதியில் சிறிய வட்டமிட்டு, அடுத்தடுத்த வெட்டுகளிலும் அதே அளவு வருகிறதா என்று பார்ப்பது அவசியம். அளவு சரியாக இருந்தாலும், நோயாளிக்கு முன்பு லைப்போசார்க்கோமா என்னும் கொழுப்புத் திசுப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டாக வேண்டும். அதன் பரவலிலும் கொழுப்பு இருக்கக்கூடும். மறுபக்கம், பல ஹமார்ட்டோமாக்களில் கொழுப்பு தெரிவதே இல்லை என்பதால், அது காணப்படாததை வைத்து ஹமார்ட்டோமாவை ஒதுக்கிவிடவும் முடியாது.

இதயத்துக்கு வலப்புறம், உதரவிதானத்தை ஒட்டித் தெரியும் கொழுப்புத் திரளைக் கட்டி என்று நினைத்து ஊசி செலுத்தத் துணிவது இன்னும் கவலைக்குரியது. அது, உதரவிதானத்தின் முன்பகுதித் துளை வழியாக வயிற்றுக் கொழுப்பு நெஞ்சுக்குள் ஏறும் மோர்காக்னி குடலிறக்கமாக இருக்கலாம். முன்பின், பக்கவாட்டுத் தளங்களில் படத்தை மீட்டமைத்து, கொழுப்புக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களைக் கீழ்நோக்கித் தொடர்ந்தால், அவை உதரவிதானத் துளை வழியாக வயிற்றுக்குள் இறங்குவதைக் காணலாம்.

எம்.ஆர்.ஐ.யில் டி1 என்னும் வகைப் படத்தில் பளிச்சென்று தெரிவதெல்லாம் கொழுப்பல்ல. பழைய ரத்தக்கசிவும் புரதம் மிகுந்த திரவமும் அப்படியே தெரியும். கொழுப்பின் வெளிச்சத்தை மட்டும் அடக்கி எடுத்த படத்தில் அந்த வெளிச்சம் மங்குகிறதா என்று ஒப்பிட்டாக வேண்டும்.

கேட்கத் தவறும் கேள்வியும் ஒன்று உண்டு. நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கொழுப்பின் அடர்த்தி அளவுள்ள திட்டுகள் தெரிந்தால், குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுகிறார்களா என்று தாயிடமும் பாட்டியிடமும் குறை சொல்லும் தொனியின்றி விசாரிக்க வேண்டும். பெரியவர்களானால், மலச்சிக்கலுக்கு லிக்விட் பாரஃபின் குடிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். நுரையீரலுக்குள் இறங்கிய எண்ணெயால் வரும், லிப்பாய்டு நிமோனியா என்னும் இந்த எண்ணெய் நிமோனியா, செல்களின் சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேனிலும் புற்றுநோயைப் போல ஒளிரக்கூடும் என்பதால், அந்த ஒளிர்வை மட்டும் நம்பி அறுவை சிகிச்சைக்கு அனுப்புவதற்கு முன் இந்த விசாரணை முடிந்திருக்க வேண்டும்.