மழைக்கேற்ப மாறும் மண்: மூன்று பாட்டில்களில் ஒரு வகுப்பறைச் செய்முறை

உலக மண் வரைபடத்தை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, வெவ்வேறு தட்பவெப்பத்தில் உருவான மூன்று மண்களை மாணவர் கையில் கொடுப்பதே நல்ல தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: மண் திரட்டுதல்

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் வால்பாறை, சுமார் 700 மில்லிமீட்டர் பெறும் கோவில்பட்டிக் கரிசல் காடு, குளிர்ந்த உதகை ஆகிய இடங்களின் ஆசிரியர்களிடம் கேட்டு, சருகை விலக்கி நான்கு விரல் ஆழத்து மண்ணை இரண்டு கைப்பிடி வாங்குங்கள். காப்புக் காட்டில் எடுக்கக் கூடாது. தேயிலைத் தோட்டங்களில் அமிலத்தன்மையைக் குறைக்க டோலமைட் என்னும் சுண்ணாம்புக் கல்தூளைத் தூவுவதுண்டு என்பதால், உரமிடாத கொல்லை மண்ணே ஏற்றது. நிழலில் உலர்த்துங்கள்.

படி 2: வினிகர் சோதனை

ஒவ்வொரு மண்ணிலும் ஒரு கரண்டி எடுத்து, முதலில் நீரால் நனையுங்கள். உலர்ந்த மண்ணிலிருந்து வெளியேறும் காற்றுக் குமிழிகளை வினையென மாணவர் தவறாக எண்ணிவிடுவார்கள் என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம். பின்னர் வெள்ளை வினிகரை ஊற்றினால் கரிசல் நுரைக்கும்; மற்ற இரண்டும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நுரைப்பது சுண்ணாம்பிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு. மழை குறைந்த நிலத்தில் நீர் ஆவியாகும்போது கால்சியம் சுண்ணாம்பாக மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கரிசலில் சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் கிடைப்பதும் இதனால்தான். வால்பாறையிலோ பெருமழை கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளே மிஞ்சி மண் சிவந்து, அமிலத்தன்மை மிகுந்து புளித்துவிடுகிறது. புளித்த மண்ணை விரும்பும் தேயிலை அங்கே செழிப்பதன் காரணத்தை மாணவர்களே சொல்லட்டும்.

படி 3: பாட்டில் சோதனை

பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே நீர், ஒரு சிட்டிகை சலவைச் சோடா சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்கி, இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும். வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும். களி கடைசியில்தான் இறங்கும். கரிசல் பாட்டில் நெடுநேரம் கலங்கியே நிற்கும். உதகைப் பாட்டிலில் மக்கிய இலைத்துணுக்குகள் மிதக்கும். இங்கே சற்று நின்று பேசுங்கள்: இரண்டும் கறுப்பாயினும், குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகச் சிதைப்பதால் உதகை மண்ணில் மக்கு (மக்கிய இலைதழைப் பொருள்) மிகுதி, கரிசலில் மக்கு குறைவு, அதன் கருமை களியோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மக்கினால் வருவது.

படி 4: உலகோடு இணைத்தல்

வால்பாறையிலிருந்து அமேசான் மழைக்காட்டுக்குச் செல்லலாம். அங்கும் பெருமழை மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போவதால், சத்தின் பெரும்பகுதி மரங்களில் இருக்கிறது, மண்ணில் அன்று. உக்ரைன், ரஷ்யப் புல்வெளிகளில் மிதமான மழையும் அடர்ந்த புல்வேரும் கருமண்ணை உருவாக்கின. 1883இல் அதைப் பற்றிய ஆய்வை வெளியிட்ட ரஷ்ய மண்ணியல் அறிஞர் டொகுசாயேவ்தான், தட்பவெப்பமும் தாவரமும் மண்ணை ஆக்குகின்றன என்று நிறுவியவர்.

இறுதியாக, கோவில்பட்டி வட்டாரத்திலேயே கரிசலுக்கு அருகில் கிடைக்கும் செம்மண்ணையும் மேசையில் வையுங்கள். ஒரே மழை பெய்தும் நிறம் ஏன் வேறு என்று மாணவர் கேட்கும்போது, அடிப்பாறையையும் நிலச் சரிவையும் பற்றிய அடுத்த வகுப்பைத் தொடங்கலாம்.