விடிகான் கேமரா கட்டும்போது எங்கே சறுக்கும்?

அந்தக் காலத்தில் தொலைக்காட்சி ஆர்வலர்கள் வீட்டிலேயே கேமராவைத் தாங்களே கட்டினார்கள் என்றால், கண்ணாடிக் குழாயையே ஊதிச் செய்தார்கள் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். டியூபை, அதாவது படத்தை மின்சிக்னலாக மாற்றும் விடிகான் போன்ற குழாயை, பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்குவார்கள். அதைச் சுற்றியுள்ள காயில், படத்தை வரி வரியாகப் படிக்கும் ஸ்கேனிங் சர்க்கியூட், சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்பிளிஃபயர் இவைதான் கைவேலை. நாமும் அப்படியே போகலாம். சில்லறைச் சாமான்களுக்கு, எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் இங்கே சிங்கப்பூரில் இருக்கிறது. விடிகானுக்குப் பழைய கண்காணிப்பு கேமரா ஏதாவது கிடைத்தால் பிரிக்க வேண்டியதுதான்.

அமெரிக்கப் புத்தகத்து வரைபடத்தை அப்படியே கட்டாதீர்கள். அது 525 வரி, 60 ஹெர்ட்ஸ். 1963 பிப்ரவரி 15 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கிய நம் சிங்கப்பூர்த் தொலைக்காட்சி அனலாக் காலத்தில் 625 வரியில் ஓடியது. வினாடிக்கு 25 படம், அதாவது 15,625 வரிகள். நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பவர் சப்ளையின் உறுமல் படத்தில் கறுப்புப் பட்டையாக ஓடும்.

பலர் கோட்டை விடுவது பிரீஆம்பிளிஃபயரில். விடிகான் தரும் சிக்னல் ஒரு மைக்ரோஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வசதிக்காக அதை நீளமான வயரில் இழுத்தால், வயரின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) படத்தின் நுணுக்கங்களைச் சுமக்கும் உயர் அலைவரிசையை விழுங்கிவிடும். முகம் தெரியும், கண் இமை தெரியாது. பிரீஆம்பிளிஃபயரின் முதல் கட்டம் டியூபின் முனையை ஒட்டியே இருக்கட்டும், தகரக் கவசத்தோடு.

கலருக்கு ஆசைப்படாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டியூபின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது தனித் தலைவலி. இங்கே ஒளிபரப்பிலேயே கலர் 1974இல்தான் வந்தது.

அப்புறம், ஸ்விட்சை அணைத்த கையோடு உள்ளே விரலை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடிய விட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

டியூபை முகம் கீழே பார்க்க வைக்கவும் கூடாது. உள்ளே ஏதாவது துகள் இருந்தால் நேராக முகப்பின் உள்பக்கத்து ஒளியுணர் படலத்தில் விழும், படத்தில் கறுப்புப் புள்ளி.

வெயில் பக்கம் திருப்பக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஒருநாள் மாலை கேமராவை மேற்கு ஜன்னலைப் பார்த்து வைத்துவிட்டு டீ போடப் போனேன். எதிர் புளோக்குக்கு மேலே சூரியன். பத்து நிமிடம்கூட இருக்காது. ஜன்னல் கம்பிகள் அச்சுப்போலப் பதிந்துவிட்டன. வெள்ளைச் சுவரைக் காட்டி இரண்டு நாள் ஓட்டினேன், கொஞ்சம் மங்கியது. இன்றைக்கும் யார் முகத்தைக் காட்டினாலும் அவர் கம்பிக்குப் பின்னால் நிற்கிற மாதிரிதான் தெரிகிறது.