சர்க்கரையும் ஏறக்கூடாது, வயிறும் உப்பக்கூடாது: ஒரு நாள் சமையல் படிப்படியாக

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ‘சாப்பிடலாம்’ பட்டியலில் கொண்டைக்கடலை, ராஜ்மா, ஆப்பிள், பால் எல்லாம் இருக்கும். அடிக்கடி வயிறு உப்பி, பொருமி, கழிப்பறைக்கு ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கும் ‘தவிர்க்கவும்’ பட்டியலிலும் அதே நான்கும் இருக்கும். இரண்டு தொல்லையும் ஒருவருக்கே இருந்தால் என்னதான் சமைப்பது?

இந்த முரண்பாடு தற்செயல் இல்லை. 1981இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்த கிளைசெமிக் இன்டெக்ஸ், சுருக்கமாக ஜி.ஐ., ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று பார்க்கிறது. குளுக்கோஸ் 100 என்றால் 55 வரை உள்ளவை குறைந்த ஜி.ஐ. கடலையின் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கிறது, அதனால் எண் குறைவு. ஆனால் அதே கடலையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளும் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. ஆப்பிளில் மிகுதியாக இருக்கும் ஃபிரக்டோஸும் சார்பிட்டாலும், வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃபிரக்டானும் இதே ரகம்தான். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் இவற்றையெல்லாம் சேர்த்து ஃபாட்மேப் என்று பெயர் வைத்தார்கள்.

ஆக, எதை வாங்குகிறோம் என்பதைவிட அதை எப்படி ஊறவைக்கிறோம், எவ்வளவு அரைக்கிறோம், எத்தனை கிராம் தட்டில் போடுகிறோம் என்பதில்தான் தீர்வு இருக்கிறது.

தொடங்கும் முன்

இன்சுலின் போடுபவர்கள், கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சாதத்தின் அளவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, மணிக்கணக்கில் கழித்தும் சாப்பிட்டது அப்படியே வாந்தியாக வருவது இருந்தால் அது இரைப்பை காலியாவதில் உள்ள கோளாறாக இருக்கலாம். பல வருடச் சர்க்கரையில் வரக்கூடியது. அவர்களுக்கு நார்ச்சத்து கூடினால் நிலைமை மோசமாகும்; இந்தச் சமையல் அவர்களுக்கு இல்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு இருந்தால் முதலில் பரிசோதனை, பிறகுதான் அடுப்பு.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு. கப் கணக்கு வேண்டவே வேண்டாம். ஒரே கப்பில் சாமையை லேசாக அள்ளினால் ஒரு எடை, தட்டி நிரப்பினால் இன்னொரு எடை. மூன்று லிட்டர் குக்கர், அடி கனமான மூடியுள்ள பாத்திரம், கம்பி வடிகட்டி. வெட் கிரைண்டர் இந்த வேலைக்கு எதிரி, வெண்ணெய் மாதிரி அரைத்துக் கொடுத்துவிடும். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுவதுதான் சரி. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நல்லது.

கடலை: எல்லோரும் சறுக்கும் இடம்

ஒருவருக்குக் காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலை 20 கிராம். வெந்தால் ஏறக்குறைய 45 கிராம், கால் கப் வரும். இதைப் பார்த்ததும் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஒரு கிண்ணம் சுண்டலாகச் சாப்பிட்டுவிட்டு ‘எனக்குக் கடலை ஒத்துக்காது’ என்று முடிவுகட்டுகிறவர்கள்தான் அதிகம். அளவு ஒத்துக்கொள்ளாததைக் கடலை ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கருப்புக் கடலையின் தோல் முரடு. பழகும்வரை வெள்ளையே போதும்.

இரவு எட்டு மணிக்கு நிறைய தண்ணீரில், கடலைக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி ஊறப்போடுங்கள். படுக்கும் முன் அந்தத் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ராஃபினோஸ் வகைகள் தண்ணீரில் கரையக்கூடியவை. தொல்லை அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது. சித்திரை வெயிலில் சமையலறை மேடையில் வைத்தால் காலைக்குள் நுரைத்து வாடை வந்துவிடும், அப்போதெல்லாம் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள்.

காலையில் வடித்து, இரண்டு முறை அலசி, திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெள்ளை நுரை திரண்டு மேலே வரும். அந்தத் தண்ணீரையும் கொட்டுங்கள். அதில் கொஞ்சம் பி வைட்டமினும் போகும்தான். வயிறு அடங்கியிருப்பதற்கு அந்த விலை கொடுக்கலாம். பிறகு புதுத் தண்ணீர், கொஞ்சம் உப்பு, குக்கரில் ஆறு விசில், சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் மறுபடியும் வடியுங்கள்.

வெந்ததா என்று பார்க்க ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். விழுதாக வழிய வேண்டும். நடுவில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி நறநறவென்று ஒரு பொட்டு தட்டுப்பட்டால் இன்னும் நாலு விசில். அந்தப் பொட்டுதான் சாயங்காலம் வயிற்றைப் பிடிக்கும். பிறகு கைக்குள் வைத்து லேசாகத் தேய்த்தால் தோல் கழன்று வரும், எடுத்துவிடுங்கள். இது மதியச் சாப்பாட்டோடு.

எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லையா? மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, கடலை பழசு. இரண்டு, போர்வெல் தண்ணீர். அதன் கால்சியமும் மக்னீசியமும் தோலை இறுக்கிவிடும், குடிக்கிற வடிகட்டிய தண்ணீரிலேயே ஊறவைத்து அதிலேயே வேகவையுங்கள். மூன்று, தக்காளியோ புளியோ முன்னாலேயே சேர்த்திருப்பீர்கள். புளிப்பு எதுவானாலும் கடலை வெந்த பிறகுதான். ஆப்பசோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் தயமின் என்ற பி வைட்டமினை அழித்துவிடும், வேண்டாம்.

முளைகட்டினால் வாயு குறையும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள், பத்து பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவையுங்கள்.

காலை: பாசிப்பருப்பு சாமை அடை

பருப்புகளில் வயிற்றுக்கு மிகவும் இதமானது தோல் நீக்கிய பாசிப்பருப்பு. தொடங்குகிறவர்கள் கடலைக்கு முன் இதில் ஆரம்பிக்கலாம்.

ஒருவருக்குப் பாசிப்பருப்பு 25 கிராம், சாமை 20 கிராம். இரண்டையும் சேர்த்துக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடியுங்கள். அரை அங்குலம் இஞ்சி, அரை டீஸ்பூன் சீரகம், உப்பு சேர்த்து மிக்ஸியில் நான்கைந்து சுற்று, ரவை பதத்துக்கு. இங்கே நைசாக அரைத்துவிட்டால் பாதி நோக்கம் போய்விட்டது: துகள் சிறிதாகச் சிறிதாக நொதி சீக்கிரம் வேலை செய்யும், சர்க்கரையும் சீக்கிரம் ஏறும். கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் சர்க்கரை கூடுகிறதே என்று திகைக்கிறவர்களுக்கும் பதில் இதுதான். கேழ்வரகு நல்ல தானியம். நைஸ் மாவாக்கித் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சும்போது அதன் மெதுவான குணம் போய்விடுகிறது. உடனடி ஓட்ஸுக்கும் இதே கதி.

துருவிய கேரட் இரண்டு டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை சேர்த்து, உள்ளங்கை அளவில் இரண்டு அடை. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், மிதமான தீ, மூடிபோட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடம். தடிமனாகத் தட்டினால் நடுவில் வேகாது. கூடவே வேகவைத்த முட்டை ஒன்று அல்லது 50 கிராம் பனீர். தேங்காய் சட்னி ஒரு டேபிள்ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

மதியம்

குதிரைவாலி ஒருவருக்கு 40 கிராம். இதில் மாவுச்சத்து ஏறக்குறைய 27 கிராம் வரும். ஒருவருக்கு மட்டும் சமைத்தால் அடி பிடிக்கும். மூன்று பேருக்கு 120 கிராமாகச் சமையுங்கள். மூன்று முறை கழுவி, இருபது நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். 300 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்துப் போட்டு, மூடி, சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம். அடுப்பை அணைத்தபின் பத்து நிமிடம் திறக்கவே கூடாது. நடுவில் திறந்து கிளறினால் குழைந்து பொங்கலாகிவிடும். உதிரியாக இருக்க வேண்டும்.

சாதம்தான் வேண்டும் என்றால் அதே 40 கிராம் புழுங்கலரிசி. நெல்லை அவித்து ஆறவிடும்போதே மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிவிடுவதால் பச்சரிசியைவிட இது மெதுவாகச் செரிக்கிறது. கஞ்சி வடித்தால் சர்க்கரை எல்லாம் போய்விடும் என்பது தவறு. மேலே ஒட்டியிருந்த மாவு கொஞ்சம் போகும், அரிசிக்குள் இருப்பது அங்கேதான் இருக்கும். சமைத்த சாதத்தை ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்துச் சூடாக்கினால் செரிக்காத மாவுச்சத்து கூடும், சர்க்கரை ஏறும் வேகம் குறையும். ஆனால் அந்த மாவுச்சத்தும் பெருங்குடலில் போய்ப் புளிக்கும் இனம்தான், அதனால் முதலில் வாரம் இரண்டு நாள் மட்டும். வடித்து ஒரு மணி நேரத்துக்குள் பரத்தி ஆறவைத்து உள்ளே வையுங்கள். வெளியே நாளெல்லாம் கிடந்த சாதத்தில் பாக்டீரியா நஞ்சு உண்டாகலாம், அது மறுபடி சூடாக்கினாலும் போகாது.

கூட்டுக்கு: புடலங்காய், பீர்க்கங்காய், சுரைக்காய், ஏதாவது ஒன்று 150 கிராம், வெந்த பாசிப்பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன், சீரகம், மிளகு, ஒரு ஸ்பூன் தேங்காய். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் முதல் மாதம் வேண்டாம். ஒரு துண்டு மீன் அல்லது கோழி சேர்த்தால் நல்லது. எண்ணெய் மொத்தம் இரண்டு டீஸ்பூன். அதிகக் கொழுப்பும் உப்புசத்தைக் கூட்டும்.

முதலில் காய், பிறகு மீனோ முட்டையோ, கடைசியில் சாதம். இந்த வரிசைக்குச் செலவில்லை, மீட்டரில் தெரியும்.

வெங்காயம், பூண்டு இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயில் இரண்டு பல் பூண்டைச் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். மணம் முழுக்க இருக்கும். குழம்பு கொதிக்கும்போது முழுப் பூண்டைப் போட்டுப் பிறகு எடுத்தால் பயனில்லை, அதற்குள் இறங்கிவிட்டிருக்கும். சின்ன வெங்காயமும் விதிவிலக்கில்லை. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி சரி. பெருங்காயம் இருக்கவே இருக்கிறது. கடைத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், ஒரு சிட்டிகையால் தொல்லை இல்லை. சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் சேராத குடல் நோய்) உள்ளவர்கள் மட்டும் பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

சாயங்காலம், இரவு

சாயங்காலம் வேகவைத்த நிலக்கடலை, பருப்பு மட்டும் 30 கிராம். ஜி.ஐ. மிகக் குறைவு, வாயுவும் குறைவு. பழம் வேண்டுமானால் ஆப்பிளுக்குப் பதில் நன்கு பழுத்த கொய்யா பாதி. செங்காய் வேண்டாம், அது வயிற்றுக்குச் சேராது.

இரவு, காலை அடையோ மதிய அளவில் பாதியோ, படுக்க மூன்று மணி நேரம் முன்னால். நன்றாக உறைந்து லேசாகப் புளித்த தயிரில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் குறைந்திருக்கும், 100 கிராம் வரை பலருக்குச் சேரும். பாலைத் தாங்காதவர்கள் அதிலும் பாதியில் தொடங்குங்கள்.

சேர்கிறதா என்று பார்க்கும் முறை

மூன்று நாளுக்கு ஒரு புதுப் பொருள் மட்டும். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை சர்க்கரை பாருங்கள். சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கிடக் கூடாது.

வயிற்றுக்குக் கணக்கு வேறு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட கடலை பெருங்குடலுக்கு வந்துசேர நாலைந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு வயிறு பொருமும்போது பழி ஐந்தரை மணி டீயின் மேல் விழுகிறது. குறிப்பேட்டில் தொல்லை வந்த நேரத்தை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சாப்பிட்ட அரை மணிக்குள் உப்பினால் பெரும்பாலும் அளவு, எண்ணெய், வேகமாக விழுங்கியது ஆகியவற்றில் ஒன்று.

பிற்சேர்க்கை

‘எல்லாம் சரியாகச் செய்தும் வாயு போகவில்லை’ என்ற கேள்வி அடிக்கடி வருவதால் இதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாத்திரைப் பட்டையைப் பாருங்கள். மெட்ஃபார்மின் பலருக்கு வயிற்றுப்போக்கும் பொருமலும் தரும், குறிப்பாகத் தொடங்கிய முதல் சில வாரங்களில். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் இன்னும் நேரடி: மாவுச்சத்து சிறுகுடலில் உடைவதைத் தடுப்பதுதான் அவற்றின் வேலையே, உடையாதது பெருங்குடலில் வாயுவாகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் வாயுவைப் பற்றிச் சொல்லி மாற்றம் கேளுங்கள்.

அடுத்து ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட், சாக்லேட். பின்பக்கத்தில் சார்பிட்டால், மால்டிட்டால் என்று இருந்தால் வயிற்றைக் கலக்குவது அதுவாக இருக்கலாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு கடலைக்குத் திரும்புங்கள்.