பின் சக்கரம் முன்னால் போனால்: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயர் கடையில் காரை நிறுத்தியதும் வருகிற முதல் கேள்வி, “முன்னே பின்னே மாத்திப் போட்டுரலாங்களா?” என்பதுதான். ஆல்டோ, ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் தலையாட்டலாம். நாலு சக்கரமும் ஒரே அளவு. இழுவையும் ஸ்டியரிங்கும் முன்பக்கமே இருப்பதால் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். இடம் மாற்றினால் நாலும் ஒன்றுபோலத் தேயும். நல்ல பழக்கம். ஆனால் ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, அதையும் நீலகிரியில் வைத்து ஓட்டுகிறவர் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டிவிடக் கூடாது.

கோத்தகிரியில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஆட்டிவிட்டான். அவனுடையது 2001 மாடல் மெர்சிடிஸ் எஸ்எல்கே 230. ரெண்டே சீட்டு, மடங்கும் கூரை, இழுவை பின் சக்கரத்துக்கு. கீழே சமவெளியில் ஒரு கடையில் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். மேட்டுப்பாளையம் வரை ஒரு குறையும் இல்லை. மலையேறி, முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் முன்னாலிருந்து ‘சர்ர்ர்’ என்று சத்தம். வீட்டுக்கு வந்ததும் எனக்கு போன். “அண்ணா, வீல் பேரிங் போயிருச்சுன்னு நினைக்கிறேன்.”

போய்ப் பார்த்தேன். பேரிங் நன்றாகவே இருந்தது. முன் டயரின் வெளித்தோளில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, ஷூ பாலிஷ் போட்டதுபோல் பளபளவென்று. மட்கார்டின் உள்விளிம்பில் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. அதன் ஓரத்தில் கறுப்பு ரப்பர்த் துருவல், அழிரப்பரால் தேய்த்துத் தள்ளிய மாதிரி சுருள் சுருளாக ஒட்டியிருந்தது.

முதல் தவறு, டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஜாக்கியை எடுப்பது. இந்தக் காருக்கு முன்னால் 205/55 ஆர் 16, பின்னால் 225/50 ஆர் 16. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில்; அடுத்தது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று; கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இந்த ரெண்டு அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணக்குப் போட்டால் முன் டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர்; பின் டயருடையது 631 சொச்சம். ஏறக்குறைய ஒன்றேதான். சுவரில் சாய்த்து வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. போல்ட் ஓட்டைகளும் அப்படியே பொருந்தும். சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏபிஎஸ் பிரேக் அமைப்புக்கும் சந்தேகம் வராது. டேஷ்போர்டில் விளக்கு எரியாது. பழைய போர்ஷ பாக்ஸ்டரில் 17 அங்குல ரிம் போட்ட வண்டியும் இதே கதை: முன்னால் 205/50, பின்னால் 255/40, உயரத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தயாரித்தவர்கள் வேண்டுமென்றே அப்படிக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். தப்பாகப் போட்டால் வண்டி எதுவும் சொல்லாது என்பதுதான் இதில் வில்லங்கம்.

டயரைவிட ரிம் இன்னும் மோசமாக ஏமாற்றும். எஸ்எல்கேயின் முன் ரிம் 7 அங்குல அகலம், பின் ரிம் 8 அங்குலம். ரிம்மின் உள்பக்கத்தில் ‘ஈடி’ என்று ஒரு எண் பொறித்திருக்கும். ரிம்முடைய நட்டநடுக் கோட்டிலிருந்து, அது ஹப்பில் (சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதி) போய் உட்காரும் தளம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதற்கான அளவு அது. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். முன் ரிம்முக்கு ஈடி 37, பின்னதுக்கு 30. அகலத்தில் பாதியை எடுத்து ஈடியைக் கழித்துப் பாருங்கள். முன் ரிம்மின் வெளிவிளிம்பு ஹப் தளத்திலிருந்து 52 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும். பின் ரிம்மின் விளிம்பு கிட்டத்தட்ட 72. ஆக, பின் சக்கரத்தை முன்னால் மாட்டினால் ரெண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொள்ளும். உள்பக்கமும் ஆறு மில்லிமீட்டர் நெருங்கும். சமதரையில் நேராகப் போகும்வரை தெரியாது. ஸ்டியரிங் முழுக்க ஒடிந்து, வண்டியின் பாரம் ஒருபக்கம் சாய்ந்து ஸ்பிரிங்கும் அமுங்கும் இடத்தில்தான் உரசும். கொண்டை ஊசி வளைவு என்பதே அதுதானே. கடை வாசலில் நிறுத்தி ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டு “ஒண்ணும் இடிக்கலைங்க” என்பவரை நம்பாதீர்கள். அங்கே ஸ்பிரிங் அமுங்கவில்லை.

“அப்போ ரிம்மை விட்டுட்டு டயரை மட்டும் கழட்டி மாத்திரலாமா?” என்று தம்பி கேட்டான். புத்திசாலித்தனமான கேள்விதான், ஆனால் கூடாது. 205/55 டயரை 7½ அங்குல ரிம் வரைதான் ஏற்றலாம். 8 அங்குலத்தில் ஏற்றினால் பக்கச் சுவர் வெளியே இழுபட்டு நிற்கும்.

உரசல்கூடப் பரவாயில்லை, சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பயமெல்லாம் பின் டயரைப் பற்றித்தான். பின்னால் அகல டயர் போட்டது அழகுக்கு மட்டும் அல்ல. இழுவை முழுவதும் பின்னால். வளைவில் பின்பக்கம் பிடி விட்டால் வண்டி பம்பரமாகச் சுற்றும். அதனால் பின்னால் பிடி அதிகமாகவும் முன்னால் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும்படி வைக்கிறார்கள். வேகம் கூடினால் முதலில் மூக்குதான் வெளியே போகும். ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். முன்னதும் பின்னதும் இடம் மாறினால் இந்த ஏற்பாடு தலைகீழ். இறக்கத்தில் ஏற்கெனவே பாரம் முன்னால் சாய்ந்திருக்கிறது. வளைவுக்குள் பயந்து காலை எடுத்தால் இன்னும் சாயும். லேசாகிப்போன பின்பக்கத்தில் இப்போது ஒல்லி டயர். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டிப் பாதையை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. மரத்தடியில் பனிமூட்டம் சொட்டிச் சொட்டி, மற்ற இடம் காய்ந்த பிறகும் அந்த வளைவு மட்டும் ஈரமாகவே கிடக்கும்.

நாலு சக்கரமும் ஒரே அளவாக உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காரும் உண்டு. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 அப்படித்தான். நாலிலும் 185/60 ஆர் 14. இதில் தாராளமாக மாற்றலாம். அப்போதும் ஒரு தவறு நடக்கும்: ரெண்டு டயர் மட்டும் புதுசாக வாங்கி, “ஸ்டியரிங் முன்னாலதானே” என்று அவற்றை முன்னால் போடுவது. புதுசு பின்னால்தான் போக வேண்டும், காரணம் மேலே சொன்னதேதான். தேய்ந்த டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும்போது அது முன்னால் இருந்தால் சமாளிக்க நேரம் கிடைக்கும். பின்னால் இருந்தால் கிடைக்காது.

பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயரை வலமிடமாக மாற்றினால் அது தலைகீழாகச் சுற்றும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி ஏற்ற வேண்டும். அம்பு இல்லாத டயர் என்றால் எஸ்எல்கே மாதிரி வண்டியிலும் வலமிடம் மாற்றிக்கொள்ளலாம். செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

ஒரு பக்கமாகத் தேய்ந்த டயரை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறுதான். உள்ளங்கையை டயர்மேல் குறுக்கே, முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழு, மறு திசையில் ரம்பப் பல் மாதிரி நெருடினால் அலைன்மென்ட் சரியில்லை. அதைச் சரிபண்ணாமல் டயரை நகர்த்தினால் அடுத்த ஜோடியும் அதே மாதிரி வீணாகும். கூடவே வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிற வண்டிகளில் டயரின் வரிப்பள்ளம் ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப் போயிருக்கும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த டயரை எங்கே மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. எங்கள் ஊரில் சமதரையான வாசல் வாய்த்தவர் பாக்கியசாலி. சரிவில் நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு, ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குவார்கள். பின்சக்கர இழுவை வண்டியில் அது பிடித்து நிறுத்தாது. தூக்கிய சக்கரம் சும்மா சுற்ற, ரெண்டு பின் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாகத் தரையில் உள்ள சக்கரமும் உருள விட்டுவிடும். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ போட்டாலும் இதேதான். ஹேண்ட் பிரேக் இழுத்து, இறக்கப் பக்கம் கட்டையும் கொடுத்த பிறகுதான் ஜாக்கி. செங்கல் வேண்டாம், நொறுங்கும்.

போல்ட் முறுக்குவதில் ரெண்டு வகையான ஆட்கள். கையால் முறுக்கி விட்டுவிடுபவர், ஸ்பேனரில் பைப் சொருகி மேலே ஏறி நிற்பவர். முறுக்க வேண்டிய விசை எஸ்எல்கேக்கு 110 நியூட்டன் மீட்டர், பாக்ஸ்டருக்கு 130. முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து நட்சத்திரம் போடுகிற வரிசையில் முறுக்கி, ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள். மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுவது முக்கியம். இங்குள்ள ஈரத்துக்கு அங்கே துரு ஏறும். துருவின்மேல் உட்கார்ந்த ரிம் கொஞ்ச தூரத்தில் தளரும்.

காற்று? பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டில் உள்ளபடி, டயர் குளிர்ந்திருக்கும்போது. மேட்டுப்பாளையத்தில் பிடித்த காற்று குன்னூரில் கூடிவிடும் என்று சிலர் இறக்கிவிடுகிறார்கள். உயரத்தால் ரெண்டு, ரெண்டரை பிஎஸ்ஐ கூடுவது உண்மை. குளிரால் அதே அளவு குறைவதும் உண்மை. பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும்.

தம்பி வண்டியை அன்றைக்கே பழையபடி மாட்டினோம். ரிம்களின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் மு.இ., மு.வ., பி.இ., பி.வ. என்று எழுதி வைத்தான். அடுத்த தடவை பஞ்சர் ஒட்டப் போனபோது கடைப் பையன் ரிம்மைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது உங்க இனிஷியலுங்களா?” என்றானாம்.