மராவிராக் மாத்திரையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியவை

எச்.ஐ.வி. வைரஸ் வெள்ளணுவுக்குள் நுழைய, அதன் மேற்பரப்பிலுள்ள சி.டி.4 ஏற்பி என்னும் புரதத்தைப் பற்றிய பின் சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் துணை ஏற்பியையும் பற்ற வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எச்.ஐ.வி. மருந்தான மராவிராக், வைரஸைத் தொடாமல், நம் அணுவிலுள்ள சி.சி.ஆர்.5 ஏற்பியில் அமர்ந்து அதன் வடிவை மாற்றிவிடுகிறது; அதனால் வைரஸ் அந்த ஏற்பியைப் பற்ற முடிவதில்லை.

ஆகவே முதல் வேலை, நோயாளியின் வைரஸ் எந்த ஏற்பியை நாடுகிறது என்று காட்டும் ட்ரோபிசம் பரிசோதனை. இதைத் தவிர்த்து மருந்தைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து, சி.எக்ஸ்.சி.ஆர்.4 வழியை நாடும் வைரஸ் சிறிதளவு இருந்தாலும், அது தடையின்றிப் பெருகிச் சிகிச்சையைத் தோற்கடித்துவிடும். ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருப்பவருக்கு, அணுக்களில் பதிந்துள்ள வைரஸ் டி.என்.ஏ.வைக் கொண்டு இதைச் சோதிக்கலாம்.

அடுத்து, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான அளவு 300 மி.கி., நாளுக்கு இருவேளை. ரிட்டோனாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த பெரும்பாலான மருந்துக்கூட்டுகளுடன் அது 150 ஆகக் குறையும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மராவிராக்கின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடுவதால், ஈடுசெய்ய 600 வரை தேவைப்படலாம். இதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கல்லீரல் பரிசோதனையையும் முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். தொடங்கிய பின் தோலில் தடிப்பு, கண்ணில் மஞ்சள் நிறம், எழும்போது தலைச்சுற்றல் தென்பட்டால் உடனே தெரிவியுங்கள். மராவிராக்கைத் தனியாக ஒருபோதும் உண்ணக்கூடாது, பிற எச்.ஐ.வி. மருந்துகளுடன் சேர்த்தே உண்ண வேண்டும்.