கோவில் வாசலில் நிற்கும் வேட்பாளரை எப்படி எடைபோடுவது: மொரிஷியஸ் வாக்காளருக்கான வழிகாட்டி

தேர்தல் நெருங்கிவிட்டால் நம் தீவில் கோவில் விழாக்களின் முன்வரிசை வேட்பாளர்களால் நிரம்பிவிடுகிறது. மாலையும் பரிவட்டமும் பெற்றுக்கொண்டு, ஒலிபெருக்கியில் "வணக்கம்" என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த கோவிலுக்குப் புறப்படும் அவர்களில் யாருக்கு வாக்களிப்பது என்பதை, முதன்முறையாக வாக்களிக்கப் போகும் இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், நம் தேர்தல் முறை சமூகத்தை எங்கே கணக்கில் எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய சட்டமன்றத்துக்கு 62 பேரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு மேல், சட்டமன்றத்தில் போதிய இடம் கிடைக்காத சமூகங்களுக்கு ஈடுசெய்யும் 'பெஸ்ட் லூசர்' ஏற்பாட்டின்படி, தோற்றவர்களில் அதிக ஆதரவு பெற்ற வேட்பாளர்களுக்கு 8 இடங்கள் வரை ஒதுக்கப்படலாம். இதற்காக அரசியலமைப்பின் முதல் அட்டவணை இந்து, முஸ்லிம், சீன மொரிஷியர் என்று மூன்று சமூகங்களைச் சொல்லி, வாழ்க்கை முறையால் இவற்றில் சேராத எல்லோரையும் 'பொது மக்கள்' என்ற நான்காவது சமூகமாகக் கொள்கிறது. தமிழருக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. ஆகவே, "நம்மவர் தோற்றாலும் தமிழர் என்ற முறையில் உள்ளே போய்விடுவார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கணக்குக்கு அடிப்படை இன்றும் 1972ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். இத்தனை பழைய கணக்கை வைத்துக்கொண்டு வேட்பாளரைத் தம் சமூகத்தை அறிவிக்கும்படி கட்டாயப்படுத்துவது தன்னிச்சையானது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் கருத்துத் தெரிவித்தது. அது சரியான கருத்து என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது உங்கள் வாக்குச் சீட்டு. மொரிஷியஸ் தீவின் 20 தொகுதிகளிலும் ஒவ்வொருவரும் மூன்று வேட்பாளர்களுக்கு வாக்களிக்க வேண்டும். குறைத்தாலும் கூட்டினாலும் சீட்டு செல்லாது. நம் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிகஸில் இரண்டு பேருக்கு. மதம் நம்மை அறியாமல் நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் இரண்டு பேரை யோசித்துத் தேர்ந்தெடுக்கும் பலர், மூன்றாவது குறியைப் பிள்ளை என்றோ செட்டியார் என்றோ முடியும் பெயரைத் தேடிப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த மூன்றாவது குறிக்கும் முதல் குறிக்கும் மதிப்பு ஒன்றே என்பதால், மூன்று பேரைப் பற்றியும் ஒரே அளவு விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரிப்பது கடினமன்று. உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்திருந்தால், அதைப் பற்றி அவர் இதுவரை யாரிடம் பேசினார், எப்போது பேசினார் என்று கேளுங்கள். போர்ட் லூயியில் 2013 மார்ச் 30 அன்று வந்த திடீர் வெள்ளம் 11 உயிர்களைக் கொண்டுபோனதை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியைச் சின்னதாக எண்ண மாட்டார்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவரென்றால், சட்டமன்றத்தில் அவர் எழுப்பிய கேள்விகளைப் படித்துப் பாருங்கள்.

நம் மொழிக்கும் சமயத்துக்கும் உரிய கோரிக்கைகளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே தள்ளப்பட்டபோது தமிழர்கள் வெகுண்டெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அப்படிப்பட்ட கோரிக்கை இருந்தால், பள்ளியில் தமிழ் கற்பித்தலானாலும் கோவில்களுக்கான அரசு மானியமானாலும், அதைத் தமிழ் வேட்பாளரிடம் மட்டுமின்றித் தொகுதியில் நிற்கும் எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்டு, பதில்களை ஒப்பிடுங்கள். வேறு மதத்தவர் தெளிவாகப் பதில் சொல்லி, நம்மவர் மழுப்பினால், முடிவு எடுப்பது எளிதாகிவிடும்.

கோவில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேட்பாளர் வழிபட வந்தால் பிரசாதம் கொடுங்கள்; ஒலிபெருக்கியைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாக் கட்சியினருக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். தலைவரோ செயலாளரோ ஒருவரை ஆதரிக்க விரும்பினால், அதைத் தம் சொந்தக் கருத்தாகக் கோவிலுக்கு வெளியே சொல்லட்டும்.

வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்பே மூன்று பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தையும் தாளில் எழுதுங்கள். ஒரு பெயருக்கு எதிரே "நம்மவர்" என்பதைத் தவிர வேறொன்றும் எழுத வரவில்லையென்றால், அதை அடித்துவிட்டுத் தொகுதிப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.